எண்ணூறு பேர்

பிப்ரவரி 4, ஞாயிறு

தம்பிக்கு,

நேற்று நம் கால்பந்துத் திடலுக்குக் கூட்டத்தை எண்ண வந்தாய், என் முகத்தைப் பார்க்காமலே போனாய். லீக் அலுவலகத்தின் நீலக் கோட்டு உன் தோளில் தொங்குகிறது. இளைத்துவிட்டாயா, அல்லது அளவு பார்க்காமல் வாங்கிவிட்டாயா? என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய், அதனால்தான் கடிதம். தபால்காரரை பிளாக் செய்ய யாரும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

நம் திடலின் வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. ஆனால் நேற்று நீ எல்லாவற்றையும் மறந்தவன் மாதிரி நின்றாய், அதனால் சொல்கிறேன். பாதிநேர விசில் ஊதியதும் கிழக்குக் கதவைத் திறந்துவிடுவோம். பஸ் டிப்போவிலும் மொத்தச் சந்தையிலும் அப்போதுதான் வேலை முடியும். அவர்கள் டிக்கெட் இல்லாமல் வந்து இரண்டாம் பாதியைப் பார்ப்பார்கள். கணக்கில் வரட்டும் என்று நேற்று முதல்முறையாக அவர்களுக்கும் அரை டிக்கெட் போட்டோம். யாரும் முணுமுணுக்கவில்லை. "கிளப்பு நிக்கணும்னா குடுத்துட்டுப் போறோம்க்கா" என்று வரிசையில் நின்றார்கள். விசில் ஊதியது. நீ "அறுநூத்திப் பதினொண்ணு, முடிஞ்சது" என்று சொல்லி கணக்குக்கு சீல் வைத்துவிட்டாய். வெளியே முன்னூறு பேர் காசைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். டிப்போ மெக்கானிக் கேட்டார்: "சார், எங்கள எண்ணலையா?" உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர் உன்னை சார் என்கிறார். நீயும் வெட்கமில்லாமல், "பாதிநேரத்துக்கு அப்புறம் வர்றவங்க கணக்குல வரமாட்டாங்க சார்" என்கிறாய்.

சரி, விதி விதிதான். ஆட்டத்துக்கு எண்ணூறு பேர் சராசரி இல்லாத கிளப்புக்கு அடுத்த வருடம் லீக்கில் இடமில்லை, எண்ணூறைத் தாண்டிய கிளப்புக்கு சீசன் முடிவில் லீக்கின் விளம்பரப் பணத்தில் பங்குத் தொகை. நம் திடலில் நடந்த ஏழு ஆட்டத்தில் நமக்கு அறுநூற்று நாற்பது. மீதி நான்கு ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் ஆயிரத்து எண்பது பேர் வேண்டும். ஆட்டத்தை நான்கு மணிக்குப் பதில் ஆறு மணிக்கு வைத்தால் டிப்போவும் சந்தையும் வீட்டாரோடு முதல் பாதிக்கே வந்துவிடும். ஆறு மணிக்கு வைக்க விளக்கு வேண்டும். விளக்குக் கம்பங்களை வாடகைக்குக் கொடுக்க ஆள் இருக்கிறது. பணம்தான் இல்லை.

வங்கியில் கேட்டேன். அம்மா விட்டுப்போன வீட்டை அடமானம் வைத்தால் தருகிறார்கள். பங்குத் தொகை வந்ததும் மீட்டுவிடலாம். வீடு நம் இருவர் பேரிலும் இருப்பதால் உன் கையெழுத்தும் வேண்டுமாம். காகிதங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் புள்ளி வைத்த இடங்களில் போட்டு அனுப்பு.

பாப்பா எப்படி இருக்கிறாள்? அவள் அம்மாவுக்கு எத்தனையாவது மாதம்?

அக்கா


பிப்ரவரி 9

அக்காவுக்கு,

கோட்டை அலுவலகம் கொடுத்தது. அளவு கேட்கவில்லை.

கையெழுத்துப் போட முடியாது. காகிதங்களைத் திருப்பி அனுப்புகிறேன். யாராவது விளக்கு வாடகைக்கு வீட்டை வைப்பார்களா? மழை வந்தால்? ஆட்டம் தள்ளிப்போனால்? ஆயிரத்து எண்பது பேர் வராவிட்டால்? மாமாவும் நீயும் பிள்ளைகளோடு எங்கே போவீர்கள்? உன் சலவைக்கடை வருமானத்தில் வட்டி கட்டவே ஆகாது.

கிளப் செயலாளர் வேலைக்கு யாரும் உனக்குச் சம்பளம் தருவதில்லை. கிளப் போனால் போகட்டும். பிள்ளைகள் மாவட்டப் போட்டியில் ஆடுவார்கள், உலகம் முழுகிவிடாது.

நான் மெக்கானிக்கிடம் அப்படிப் பேசியது எனக்கும் நன்றாக இல்லை. ஆனால் பக்கத்தில் லீக் தலைவரின் ஆள் நின்றிருந்தான். நான் இருக்கும் வீடு அலுவலகக் குடியிருப்பு என்பதை மறந்துவிடாதே. வேலை போனால் அந்த மாதமே சாவியைக் கேட்பார்கள். பாப்பாவின் அம்மாவுக்கு எட்டாவது மாதம்.

தம்பி


பிப்ரவரி 13

தம்பிக்கு,

உலகம் முழுகிவிடாதாம். பெரிய மனுஷன் சொல்லிவிட்டான்.

உன் கடிதத்தை மாமா கேட்கும்படி சத்தமாகப் படித்தேன். அவர் கிளப் பஸ்ஸை அப்போதுதான் கழுவிவிட்டு வந்திருந்தார், அடுத்த நாள் பையன்களை வெளியூர் ஆட்டத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். "அவனுக்குப் பிடிக்கலன்னா விடேன்" என்றார். அவருக்கு என்ன, எல்லாவற்றையும் விட்டுவிடுவார். விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது நான் ஒருத்திதான்.

மழை வந்தால், ஆட்டம் தள்ளிப்போனால் என்று அடுக்கியிருக்கிறாய். இதெல்லாம் காரணமா? அலுவலக நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. இந்தக் கிளப் கணக்கை நீ ஒன்பது வருடம் எழுதினாய். ஐந்து பேர் பார்த்த ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் கிழித்திருக்கிறாய், அதில் இரண்டு பேர் நானும் மாமாவும். பிறகு சம்பளம் கூட என்று லீக்குக்குப் போனாய். போனதில் எனக்கு வருத்தமில்லை. பொதுக்கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "இந்தக் கிளப்ப கட்டிக்கிட்டு அழறவங்க அழட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாய் பார், அதுதான் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

உனக்கு நாங்கள் தோற்க வேண்டும். தோற்றால்தான் நீ போனது சரி என்று ஆகும். அப்படி இல்லை என்றால், கையெழுத்துப் போடாததற்கு உண்மையான காரணத்தைச் சொல். மழையைப் பற்றி எழுதாதே.

அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

காரணம் இருக்கிறது. சொல்ல முடியாது. சொன்னால் நான் அவ்வளவுதான்.

நீங்கள் தோற்க வேண்டும் என்று நான் நினைப்பதாக எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவள், "உங்க அக்கா என்ன எழுதியிருக்காங்க?" என்று துருவினாள். "ஒண்ணுமில்ல, நலம் விசாரிச்சிருக்கா" என்று சமாளித்தேன்.

பங்குத் தொகையை நம்பி எதையும் வைக்காதே, எதையும் விற்காதே. இந்த ஒரு வரிக்கு மேல் என்னிடம் கேட்காதே. சின்ன வயதில் நான் சொன்ன எத்தனையோ பொய்யை நம்பியிருக்கிறாய், இப்போது ஒரு உண்மையை நம்பித் தொலை.

தம்பி


பிப்ரவரி 25

தம்பிக்கு,

நேற்று நீ வரவில்லை, வேறு ஆளை அனுப்பியிருந்தார்கள். உனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஆயிரத்து இருநூற்று நாற்பது! நான் எண்ணியது அல்ல, உங்கள் ஆள் எண்ணி சீல் வைத்தது. ஆறு மணிக்கு விளக்கைப் போட்டதும் ஓ என்று ஒரு சத்தம். டிப்போக்காரர்கள் மனைவி பிள்ளைகளோடு வந்தார்கள். சந்தை முழுக்க வந்தது என்றே சொல்லலாம். மெக்கானிக் தன் மாமியாரையும் கூட்டிவந்திருந்தார். அந்த அம்மாள் ஆட்டம் முழுக்க நடுவரைத் திட்டிவிட்டு, கடைசியில், "இதுல எது நம்ம டீமு?" என்று கேட்டாள். இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். நான் டிக்கெட் அறையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், போதுமா?

விளக்குக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். கடையில் இருந்த பெரிய உலர்த்தும் மெஷினை விற்றேன். நீ "விற்காதே" என்று எழுதியது மெஷின் போன மறுநாள்தான் வந்தது. முன்னால் வந்திருந்தாலும் விற்றிருப்பேன். அது ஒரு ஆட்டத்துக்குத்தான் ஆனது. மீதி மூன்று ஆட்டத்துக்கு ஒரு பைனான்ஸ்காரரைப் பிடித்திருக்கிறேன். வங்கி மாதிரி இரண்டு கையெழுத்து கேட்கவில்லை, என் பாதியை மட்டும் வைத்தால் போதும் என்கிறார். வட்டி ரத்தத்தை உறிஞ்சும்தான். இரண்டு மாதம்தானே, பங்குத் தொகை வந்ததும் முகத்தில் எறிந்துவிடுவேன். மார்ச் 4, திங்கட்கிழமை பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் பாதி உனக்குப் பத்திரமாக இருக்கும். சுவர் எழுப்பி வைத்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 28

அக்கா,

போடாதே. உன் காலில் விழுகிறேன், திங்கட்கிழமை அந்த ஆளிடம் போகாதே. இது போனில் சொல்லும் விஷயமில்லை, தபாலிலும் போடவில்லை, கூரியர்காரனிடம் கூடுதல் காசு கொடுத்து அனுப்புகிறேன்.

பங்குத் தொகை என்று ஒன்று இல்லை.

விளம்பரக் கம்பெனி கொடுத்த பணம் முழுவதையும் தலைவர் லீக்கின் புதுக் கட்டடத்துக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டார். கட்டுகிறவன் அஸ்திவாரம் தோண்டினான், அதோடு ஆளைக் காணோம். அலுவலகத்தில் இது மூன்று பேருக்குத்தான் தெரியும். தலைவர், பொருளாளர், நான். மேலே சொன்னால் பெயர் கெட்டுவிடும் என்று பூசி மெழுகிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைவிடக் கேவலமானது ஒன்று இருக்கிறது. சீசன் தொடங்குவதற்கு முன் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "எத்தன பேர்னு வெச்சா எத்தன கிளப்பு தேறும், ஒரு கணக்குப் போட்டுக் குடு" என்றார். புள்ளிவிவரம் என்று நினைத்துக்கொண்டு போட்டுக் கொடுத்தேன். அறுநூறு என்றால் எட்டு கிளப்பும் தேறும். எண்ணூறு என்றால் இரண்டுதான். அவர் எண்ணூறில் விரலை வைத்தார். தேறாத கிளப்புக்குப் பணம் தர வேண்டியதில்லை, தேறிய இரண்டுக்கும் அடுத்த வருடம் என்று இழுத்தடிக்கலாம். ஆகவே நீ ஆயிரம் பேரைக் கொண்டுவந்தாலும் பத்தாயிரம் பேரைக் கொண்டுவந்தாலும் உன் கையில் ஒரு சல்லிக்காசு வராது. அன்று நான் சீல் வைத்த அறுநூற்றுப் பதினொன்றுக்கும் உன் ஆயிரத்து இருநூறுக்கும் ஒரே மதிப்புதான்.

அந்த எண்ணூறை எழுதிக் கொடுத்தது என் கை. உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

இது வெளியே வந்தால் என் வேலை போகும், குடியிருப்பு போகும். அடுத்த மாதக் கடைசியில் பிரசவம். மாமாவிடம்கூடச் சொல்லாதே. வீட்டை மட்டும் காப்பாற்றிக்கொள், போதும்.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

பைனான்ஸ்காரரிடம் போகவில்லை, போகவும் மாட்டேன். முதலில் அதைத் தெரிந்துகொள்.

இரண்டு நாளாகத் துணி துவைத்தேன். மெஷினில் போட வேண்டியதைக்கூடக் கையால் துவைத்தேன். "யாரு மேல கோவம்?" என்றார் மாமா. யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. உன் மேல்தான் முதலில். விஷயம் தெரிந்தும் நீ எங்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாய். பிறகு, நீ சொல்லாமல் இருந்திருந்தால் திங்கட்கிழமை நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்தேன். அப்போது உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது.

என் வீடு தப்பித்தது. ஆனால் மற்ற ஏழு கிளப்? ஆற்றங்கரை கிளப்பின் செயலாளரை உனக்குத் தெரியும், பேக்கரிக்காரர். எங்கள் விளக்கைப் பார்த்துவிட்டுப் போய் அவரும் விளக்குப் போடப் போகிறாராம். நேற்று போனில், "நீங்கதான் வழி காட்டுனீங்க, நானும் கடைய அடமானம் வெச்சிடறேன்" என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்கிற மாதிரி. "கொஞ்சம் பொறுங்க அண்ணே" என்றேன். "ஏம்மா?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

வழி காட்டியது நான்தான், தம்பி. அந்த மனுஷன் கடையை இழந்தால் அந்தப் பாவம் உன் தலைவர் மேல் மட்டுமா விழும்?

பத்தாம் தேதி கிளப்புகளின் கூட்டம். தலைவரும் வருகிறார். நான் எழுந்து கேட்கப் போகிறேன். உன் பெயர் என் வாயில் வராது.

அக்கா


மார்ச் 6

அக்கா,

நான் சொன்னது உனக்கு. எட்டுக் கிளப்புக்கும் இல்லை.

உன் பெயர் வராது என்கிறாய். அலுவலகத்தில் உனக்கு எத்தனை தம்பி? நீ வாயைத் திறந்தாலே அவர்கள் கண் என் மேல்தான் திரும்பும். பேக்கரிக்காரரை எப்படியாவது தடுத்து நிறுத்து, உடம்பு சரியில்லை என்று சொல், சண்டை போடு, அவர் கடை வாசலில் போய் உட்கார். கூட்டத்தில் மட்டும் பேசாதே. இன்னும் இரண்டு மாதம் பொறு. குழந்தை பிறக்கட்டும். வேறு வேலை தேடிக்கொள்கிறேன், பிறகு நானே எல்லார் முன்னாலும் சொல்கிறேன்.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நான் உனக்காகச் செய்ததை எனக்கே கொள்ளியாக வைத்துவிடாதே.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

கோபப்படாமல் முழுக்கப் படி. நல்ல செய்திதான்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பேசக்கூடாது என்றுதான் கூட்டத்துக்குப் போனேன். சத்தியமாக. பேக்கரிக்காரர் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார், சட்டைப் பையில் அடமானப் பத்திரம், மறுநாள் பதிவாம். தலைவர் எழுந்து, "பங்குத் தொகை பத்திரமா இருக்கு, நீங்க கூட்டத்த சேத்துக் காட்டுங்க" என்றார். பேக்கரிக்காரர் கை தட்டினார். அந்தக் கைதட்டலை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

ஆனால் சாமர்த்தியமாகத்தான் பேசினேன். யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று எதுவும் இல்லை. வெறும் கேள்வி மட்டும். "பணம் பத்திரமா இருக்குன்னா பேங்க் பாஸ்புக்க காட்டுங்க, நாங்களும் நிம்மதியா இருப்போம். புதுக் கட்டடம் அது இதுன்னு அதுல கை வெச்சிடலையே?" அவ்வளவுதான். தலைவர் முகம் வெளுத்துப் போனது. பாஸ்புக் ஆடிட்டரிடம் என்றார். "அப்ப ஆடிட்டருக்கு போன போடுங்க" என்றார் பேக்கரிக்காரர். கடைசியில் பொருளாளர் உடைந்துவிட்டார், பாதியைச் சொன்னார். பாதியே போதுமாக இருந்தது.

எட்டுக் கிளப்பும் கூடி முடிவெடுத்தோம். எண்ணூறு விதி ரத்து. மீதி ஆட்டங்களின் வசூல் அந்தந்தக் கிளப்புக்கே. பேக்கரிக்காரர் பத்திரத்தை அங்கேயே கிழித்துப் போட்டார். வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், உன் பெயரை அவர் எடுக்கவே இல்லை. நிம்மதியாக இரு. பிரசவத்துக்கு நான் வரட்டுமா?

அக்கா


மார்ச் 15

அக்கா,

தலைவர் கூட்டத்தில் ஏன் என் பெயரை எடுக்கவில்லை தெரியுமா? எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், டீகூட வரவழைத்தார். "உங்க அக்கா நல்லாப் பேசறாங்க" என்றார். "பாஸ்புக்க யாரு வேணா கேக்கலாம், அதுல தப்பில்ல. ஆனா கட்டடம்னு கேட்டாங்களே, அது எப்படி?" நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டடத்துக்குப் பணம் போனது மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று உனக்கு எழுதியிருந்தேன். பாஸ்புக்கோடு நிறுத்தியிருந்தால் நான் இன்று வேலையில் இருந்திருப்பேன். ஒரு வார்த்தை கூடுதலாகப் போட்டாய். போட்டதுகூடத் தெரியாமல், சாமர்த்தியமாகப் பேசினேன் என்று எனக்கே எழுதியிருக்கிறாய். அதைப் படித்துச் சிரித்தேன். பிறகு இவள் பார்க்காத இடத்துக்குப் போனேன்.

தலைவர் இன்னும் தலைவர்தான். விசாரணை முடியும்வரை இருப்பாராம். வேலை போனது எனக்கு மட்டும்தான், அலுவலக ரகசியத்தை வெளியே சொன்னதற்காக. குடியிருப்புச் சாவியை மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். டாக்டர் சொன்ன தேதியும் மாதக் கடைசிதான். இவள் பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நீ செய்தது சரிதான். பேக்கரிக்காரர் எனக்கு போன் செய்து அழுதார். அந்த அழுகையைக் கேட்ட பிறகு, நீ பேசியிருக்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் உன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டில் பாதி என்னுடையது. அதற்கு வருகிறேன். நான், இவள், பாப்பா, வரப்போகிறது ஒன்று. இருபதாம் தேதி மாமாவை பஸ்ஸோடு அனுப்பு, சாமான் கொஞ்சம் இருக்கிறது. மாடி அறையைக் காலி செய்து வை.

வந்ததும் உன்னோடு சண்டை போடுவேன். ஏன் பேசினாய் என்று கேட்பேன், நாலு நாளைக்குக் கேட்டுக்கொண்டே இருப்பேன். நீ பதில் சொல்லாதே. நியாயம் பேசாதே. நான் கத்தி முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிரு.

தம்பி